பயொப்சி ரிப்போட்ல கேஐ-67 அறுபது வீதமாம், இதை வச்சு ஆயுசைச் சொல்லேலுமா?

உவர்மலை_பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். என்ட சின்னம்மாவுக்கு வயசு 46, இடப்பக்க மார்பில கட்டி, பயொப்சி எடுத்து ரிப்போட் நேத்துத்தான் கைக்கு வந்திச்சு. கிளினிக் அடுத்த கிழமை, அதுக்கு முந்தி டொக்டரைக் காணேலாது, வீட்டில மத்த ஆக்களுக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது அதால நான்தான் வாசிச்சனான். கிடக்கிறதை அப்படியே போடுறன்: கிரேட் 3, ஈஆர் நெகட்டிவ், பிஆர் நெகட்டிவ், ஹெர்2 2 பிளஸ், கேஐ-67 60 வீதம். இரவிரவா நெட்டில தேடினன், ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையில இந்தப் புரதம் கூடின ஆக்கள் கெதியா மோசம் போறாங்க எண்டு கிராஃப் போட்டிருக்காங்க, ரெண்டு கோடு, மேல ஒண்டு கீழ ஒண்டு, கீழ்க்கோடு இறங்கிக்கொண்டே போகுது. அதைப் பாத்த நேரம் தொட்டு கை கால் ஓடுதில்ல. சின்னம்மாவுக்கு இன்னும் ஒண்டும் சொல்லேல்ல. இந்த அறுபது எண்டா என்ன? எவ்வளவு காலம் எண்டு இதில தெரியுமா? தெரிஞ்ச ஆக்கள் தயவுசெஞ்சு சொல்லுங்க.

சாம்பல்தீவு_சுதன்:
தங்கச்சி பயப்படுத்துறன் எண்டு நினைக்க வேணாம், ஆனா 20க்கு மேல போனாலே டேஞ்சர் எண்டுதான் நான் கேள்விப்பட்டனான். எங்கட மாமாட கூட்டாளிட மனிசிக்கும் உப்பிடித்தான் கூடவா இருந்தது, ஒரு வருசம் தாண்டேல்ல. கோணேசருக்கு நேத்தி வைங்க.

லேப்காரன்:
சுதன் நீங்க நல்ல மனசோடதான் சொல்றீங்க, ஆனா மாமாட கூட்டாளிட மனிசிக்கு என்ன வகை, எத்தனையாவது ஸ்டேஜ், என்ன மருந்து ஏத்தினது ஒண்டும் தெரியாம இந்தப் பிள்ளைக்கு இதைச் சொல்றது சரியில்ல பாருங்க.

பிள்ளை, நான் திருகோணமலைதான், இப்ப கொழும்புப் பக்கம் ஹிஸ்டோ லேப்ல வேலை, டொக்டர் இல்ல, எம்எல்டி. ஸ்லைடு வெட்டி சாயம் ஏத்திக் குடுக்கிற ஆள், ரிப்போட் எழுதுறது பெத்தோலஜிஸ்ட். ஆனபடியா உங்கட சின்னம்மாவுக்கு எப்படி எண்டு என்னால சொல்லேலாது, ரிப்போட்ல கிடக்கிற சாமான் என்னெண்டு சொல்லலாம்.

கேஐ-67 எண்டுறது செல் பெருக்கத்துக்குள்ள இறங்கினா அதின்ட கருவுக்குள்ள தெரியிற ஒரு புரதம். ஓய்வில கிடக்கிற செல்லில இது இருக்காது. 1983ல ஜெர்மனியில கீல் நகரத்தில கண்டுபிடிச்சது. நாங்க அதுக்குரிய அன்டிபொடியைப் போட்டா பெருகுற செல்லிட கரு மண்ணிறமாகும், மத்தது நீலமா நிக்கும், மைக்ரோஸ்கோப்பில வச்சு எண்ணுவாங்க. 60 எண்டா நூறு கட்டிச் செல்லை எண்ணினா அறுபது பெருகுற வேலையில இருக்கு. அவ்வளவுதான். அறுபது வீதம் ஆள் மோசம் போற சான்ஸ் எண்டு கன பேர் வாசிக்கிறாங்க, போன்ல கேட்டு அழுத ஆக்களும் இருக்கு, அதாலதான் முதல்ல இதைச் சொல்றன்.

அடுத்தது, இந்த எண் ஒரு லேப்புக்கு ஒரு லேப் ஆடும். கூடப் பெருகுற மூலையை மட்டும் எண்ணினா ஒரு கணக்கு, ஸ்லைடு முழுக்க சராசரி எடுத்தா வேற கணக்கு. இதுக்கெண்டே ஒரு சர்வதேசக் குழு இருக்கு, அவங்க சொல்றது என்னெண்டா 5க்குக் கீழ, 30க்கு மேல, இந்த ரெண்டு பக்கத்தையும் நம்பி முடிவெடுக்கலாம், நடுவில நிக்கிறதை வச்சு பெருசா ஒண்டும் சொல்லேலாது. அதுவும் அவங்க சொன்னது ஹோமோன் பொசிட்டிவ் (ஈஆர், பிஆர் எண்ட ஹோமோன் புரதம் கட்டியில இருக்கிற) ஆக்கள்ல கீமோ தேவையோ எண்டு பாக்கிறதுக்கு. அந்த 20 எண்ட கணக்கு எல்லாம் அந்த நடுப்பகுதிக்குள்ளதான் வருது சுதன்.

உங்கட 60 தெளிவா மேல் பக்கம், அதாவது வேகமா வளருற கட்டி, அதை மறைச்சுப் பேச வரேல்ல. ஆனா கீமோ மருந்து கனக்க பெருகுற செல்லைத்தான் பிடிக்கும். மெதுவா வளருற கட்டியில கீமோ அவ்வளவு ஏறாது, வேகமானதில கூட ஏறும். பேர்கிட் லிம்ஃபோமா எண்டு ஒரு வியாதி, அதில கேஐ-67 கிட்டத்தட்ட நூறு வீதம், ஒருசில நாளுக்குள்ள கட்டி ரெண்டு மடங்காகும், எண்டாலும் சின்னப் பிள்ளையளுக்கு உரிய நேரத்தில கீமோ குடுத்தா பெரும்பாலான ஆக்கள் முழுசா சுகமாகிறாங்க. அந்த எண்ணை மட்டும் பாத்து ஆயுசு சொல்றதெண்டா பேர்கிட் பிள்ளையள் ஒண்டும் மிஞ்சியிருக்கக் கூடாது.

நிலாவெளி_டொக்டர்:
லேப்காரன் சொன்னதோட ஒண்டு சேக்கிறன், எதிர்ப்பக்கமும் இருக்கு எண்டதுக்காக. நுரையீரல்ல சின்ன செல் புற்றுநோயிலயும் கேஐ-67 மிச்சம் கூட, முதல் கீமோவுக்கு அப்படியே சுருங்கும், எக்ஸ்ரே பாத்தா நம்பேலாம இருக்கும், ஆனா பெரும்பாலும் சில மாசத்தில திரும்பி வரும். அதால "கூட எண்டா நல்லா கேக்கும்" எண்டும் ஒரு முடிவுக்கு வராதீங்க. எந்த உறுப்பு, எந்த வகை எண்டு தெரியாம எண்ணுக்குப் பொருள் இல்ல.

நான் ஒங்கோலொஜிஸ்ட் இல்ல, மெடிக்கல் வார்ட்ல வேலை. பிள்ளை, சின்னம்மாட கட்டி எவ்வளவு சென்டிமீட்டர், கக்கத்தில நெறி கட்டியிருக்கா, வேற இடத்துக்குப் போயிருக்கா, இது மூண்டும் அந்த 60ஐ விட முக்கியம். அது ரிப்போட்ல வராது, ஸ்கான்ல வரும்.

மூதூர்_ரீச்சர்:
நான் இந்தப் பாதையால போய் வந்த ஆள் மகள், அதால எழுதுறன். என்ட ரிப்போட்ல ஹெர்2 3 பிளஸ். முதல்ல பாத்த ஒருத்தர் "இது மோசமான வகை" எண்டு ஒரு வசனம் சொல்லிப்போட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார், அந்த வசனத்தைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில வீட்ட வந்த எனக்கு அண்டைக்கு இறங்கிற இடமே தெரியேல்ல. அடுத்ததா பாத்த டொக்டரம்மா அதே ரிப்போட்டைப் பாத்துப்போட்டு "இதுக்கெண்டு தனி மருந்து இருக்கு ரீச்சர், நல்லதாப் போச்சு" எண்டா. ஒரே எழுத்து, ரெண்டு பேர், ரெண்டு கதை. ஆர் சரி எண்டு அப்ப எனக்கு விளங்கேல்ல. இப்பவும் யாராவது விளங்கப்படுத்தினா நல்லம்.

லேப்காரன்:
ரீச்சர் ரெண்டு பேரும் சரி, முதல் ஆள் சொன்னது பழைய காலக் கதை.

1987ல அமெரிக்காவில டெனிஸ் ஸ்லேமன் எண்டவரும் கூட இருந்த ஆக்களும் 189 பேர்ட மார்புக் கட்டியை எடுத்துப் பாத்தாங்க. ஹெர்2 எண்டது செல்லிட வெளிப்பக்கம் இருந்து வளரச் சொல்ற ஒரு புரதம், அதின்ட ஜீன் பல மடங்கா பெருகிக் கிடந்த ஆக்களுக்கு வியாதி கெதியா திரும்பினது, ஆயுசும் குறைவு. அப்ப அது வெறும் கெட்ட செய்தி, தெரிஞ்சும் ஒண்டும் செய்யேலாது. பிறகு அந்தப் புரதத்திலயே போய் ஒட்டுற அன்டிபொடியை மருந்தாச் செஞ்சாங்க, டிராஸ்டுசுமாப், 1998ல அமெரிக்காவில அனுமதி குடுத்தது. 2001ல வந்த ட்ரையல்ல, வியாதி பரவின ஆக்களுக்கு கீமோ மட்டும் குடுத்தா பாதிப் பேர் 20.3 மாசம் தாண்டினாங்க, இந்த மருந்தும் சேத்தா 25.1 மாசம். 2005ல பரவாத ஆக்களுக்குக் குடுத்துப் பாத்தப்ப வியாதி திரும்புறது கிட்டத்தட்ட பாதியாக் குறைஞ்சது. இது எவ்வளவு பெரிய விசயம் எண்டு இப்ப உள்ள ஆக்களுக்கு விளங்காது. புரதம் மாறேல்ல ரீச்சர், அதுக்கு மருந்து வந்துபோச்சு.

அதால மார்க்கரை, அதாவது ரிப்போட்ல பாக்கிற இப்படியான புரதம், ஜீனுகளை, ரெண்டா பிரிச்சுப் பாக்கோணும். ஒண்டு, வியாதி எப்படிப் போகும் எண்டு சொல்றது. மத்தது, எந்த மருந்து வேலை செய்யும் எண்டு சொல்றது. கேஐ-67 பெரும்பாலும் முதல் சாதி. ஹெர்2 ரெண்டும். நோயாளிக்குப் பிரயோசனம் ரெண்டாவதுதான், முதலாவது பெரும்பாலும் கவலைதான் தரும், மன்னிக்கோணும் ஆனா இதுதான் என்ட அபிப்பிராயம்.

பிள்ளைக்கு இப்ப முக்கியமான விசயம். ஹெர்2 2 பிளஸ் எண்டா முடிவு இல்ல. செல்லைச் சுத்தி மண்ணிறமா கோழிக்கூட்டுக் கம்பிவலை மாதிரி தடிப்பா முழு வட்டமா பிடிச்சா 3 பிளஸ், அது பொசிட்டிவ். 0, 1 பிளஸ் நெகட்டிவ். 2 பிளஸ் எண்டா நடுவில நிக்குது, அதுக்கு ஃபிஷ் எண்டு ஜீனை எண்ணுற இன்னொரு டெஸ்ட் செய்யோணும். அது வரும் வரைக்கும் ட்ரிபிள் நெகட்டிவ் (ஈஆர், பிஆர், ஹெர்2 மூண்டும் நெகட்டிவ்) எண்டோ இல்லையெண்டோ ஆரும் சொல்லேலாது. கிளினிக்ல முதல் கேக்கிற கேள்வி இதா இருக்கட்டும், "ஃபிஷ்ஷுக்கு அனுப்பியிருக்கா?"

உவர்மலை_பிள்ளை:
ஐயோ ரிப்போட்டின்ட அடியில "ஃபிஷ் அட்வைஸ்ட்" எண்டு ஒரு வரி இருந்தது, நான் என்னமோ மீன் சாப்பிடச் சொல்றாங்க எண்டு நினைச்சு விட்டுட்டன்.

மூதூர்_ரீச்சர்:
சிரிப்பு வந்துட்டு மகள், குறை நினைக்காதீங்க.

டொரோண்டோ_ராஜன்:
நான் இங்க கனடாவில இருந்து சொல்றன், ஒரு கிழமை காத்துக்கொண்டு இருக்காதையுங்கோ. பிரைவேட்ல இரத்தத்தில எல்லா மார்க்கரும் ஒரு பக்கேஜா செய்யுறாங்கள், சிஏ 15-3, சிஈஏ, சிஏ 125, சிஏ 19-9, ஏஎஃப்பி எல்லாம். காசு நான் அனுப்பிவிடுறன், நம்பர் தாங்கோ. குடும்பத்தில மற்ற பொம்பிளையளுக்கும் ஒண்டாச் செய்துவிடுங்கோ. முன்கூட்டித் தெரிஞ்சா காப்பாத்தலாம் எண்டது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நிலாவெளி_டொக்டர்:
ராஜன் அண்ணா, மனசுக்கு நன்றி, காசை வச்சிருங்க, அது வேற செலவுக்குத் தேவைப்படும்.

"முன்கூட்டித் தெரிஞ்சா காப்பாத்தலாம்" எண்டதை உண்மையிலயே சோதிச்சுப் பாத்திருக்காங்க. சூலகப் புற்றுநோய்க்கு மருந்து முடிச்ச ஆக்களுக்கு மூண்டு மாசத்துக்கு ஒருக்கா சிஏ 125 பாத்து, எண் ஏறின 529 பேரை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பகுதிக்கு எண் ஏறின உடனயே கீமோ, மத்தப் பகுதிக்கு வருத்தம் தெரிஞ்ச பிறகுதான் கீமோ. முதல் பகுதி கிட்டத்தட்ட அஞ்சு மாசம் முந்தித் தொடங்கிச்சு. 2010ல முடிவு வந்தது. முந்தித் தொடங்கின ஆக்களுக்கு நடு ஆயுசு 25.7 மாசம், பிந்தித் தொடங்கின ஆக்களுக்கு 27.1. வித்தியாசமே இல்ல எண்டுதான் அர்த்தம். முந்தித் தொடங்கின ஆக்கள் கீமோவோட கஷ்டப்பட்டது மட்டும் கூட.

சிஏ 19-9 எடுத்தா, அஞ்சில இருந்து பத்து வீத ஆக்களுக்கு அவங்கட இரத்த வகைக் குணத்தாலயே அது உடம்பில சுரக்காது, கணையத்தில புற்று முத்தினாலும் எண் ஏறாது. எதிர்ப்பக்கம் பித்தப்பைக் கல்லு அடைச்சு மஞ்சள் காமாலை வந்தாலே எண் மேல போகும், புற்று ஒண்டும் இருக்காது. ஒருக்கா வார்ட்ல ஒரு அம்மாவுக்குப் பக்கேஜ் ரிப்போட்டைப் பாத்து வீடே சாவீடா மாறிக் கிடந்தது, கல்லை எடுத்த பிறகு எண் இறங்கிச்சு. சுகமா இருக்கிற பொம்பிளையளுக்கு இதைச் செய்யுறது பயத்தைக் காசு குடுத்து வாங்குற வேலை. மார்புக்கு எண்டா கையால பாத்து, வயசுக்கேத்தபடி மமோகிராம் எடுக்கிறதுதான்.

டொரோண்டோ_ராஜன்:
டொக்டர் சொன்னாச் சரி, ஆனா இங்க எங்களுக்கு எல்லாம் செய்யுறாங்கள் எண்டுதான் சொல்ல வந்தனான். ஊரில ஒண்டும் செய்யாம வச்சிருந்து கடைசியில கையை விரிக்கிறதைக் கண்டனான். அந்தக் கோவம்.

நிலாவெளி_டொக்டர்:
அந்தக் கோவம் எனக்கும் இருக்கு அண்ணா. 2022ல மருந்துத் தட்டுப்பாடு நேரம் புற்றுநோய் மருந்தும் இல்லாமத்தான் கிடந்தது, அதெல்லாம் உண்மை. ஆனா தட்டுப்பாட்டுக்கு மருந்து இரத்த பக்கேஜ் இல்லையே.

கிண்ணியா_நானா:
அஸ்ஸலாமு அலைக்கும் எல்லாருக்கும். வாசிச்சுக்கொண்டே இருந்தன், எழுதாம இருக்க மனம் வரல்ல. எங்கட வாப்பாக்கு மூளையில கிளியோபிளாஸ்டோமா எண்ட புற்று. ஒப்பரேசன் முடிஞ்சு மறுகா டொக்டர் எம்ஜிஎம்டி டெஸ்ட் ஒண்டு செய்யலாம் எண்டு சொன்னார், செலவு எங்கட கையில, மகன்மார் கூடிக் கதைச்சம். நான் டொக்டர்க்கிட்ட ஒரே கேள்விதான் கேட்டன், "இது வந்தா வாப்பாட மருந்து மாறுமா?" எண்டு. அவர் கொஞ்சம் யோசிச்சார். வயசு எழுவதுக்கு மேல, உடம்பு ஏலா, அதால மாறும் எண்டார், பொசிட்டிவ் எண்டா குளிசையை வச்சே இழுக்கலாம், இல்லாட்டி ரேடியேசன் மட்டும் பாக்கலாம் எண்டார். அப்பதான் செஞ்சம். வாப்பா இப்ப இல்ல, இன்னா லில்லாஹி. ஆனா கடைசி மாசங்கள் வீட்டிலதான் இருந்தார், பேரப்பிள்ளையளோட. மருந்து மாறாது எண்டு சொல்லியிருந்தா அந்தக் காசுக்கு வேற வேலை இருந்திச்சு.

லேப்காரன்:
நானா, அல்லாஹ் வாப்பாக்கு நல்லதைக் குடுக்கட்டும். நீங்க கேட்ட கேள்வியைத்தான் நான் மேல சுத்தி வளைச்சு எழுதிக்கொண்டு இருந்தன்.

மத்த ஆக்களுக்கு: எம்ஜிஎம்டி எண்டது செல்லுக்குள்ள டிஎன்ஏவைத் திருத்துற புரதம். டெமோசோலோமைட் குளிசை புற்றுச் செல்லிட டிஎன்ஏவை உடைக்கும், இந்தப் புரதம் இருந்து உடனயே திருத்திவிடும், மருந்து வீணாப் போகும். சில ஆக்கள்ட கட்டியில இந்த ஜீன் பூட்டுப்பட்டுக் கிடக்கும், புரதம் வராது, மருந்து பிடிக்கும். பூட்டுப்பட்டிருக்கா எண்டுதான் டெஸ்ட்ல பாக்கிறது, பூட்டுப்பட்டிருந்தா அதுதான் நானா சொன்ன பொசிட்டிவ். 2005ல வந்த ஆய்வில, பூட்டுப்பட்ட ஆக்களுக்கு ரேடியேசனோட குளிசையும் குடுத்தா நடு ஆயுசு 21.7 மாசம், முதல்ல ரேடியேசன் மட்டும் எண்டா 15.3. பூட்டுப்படாத ஆக்களுக்கு குளிசையால கிடைச்ச நன்மை மிச்சம் குறைவு.

கோணேசபுரி_கணக்கன்:
கம்பஸ்ல புள்ளிவிபரம் படிப்பிக்கிறன், மருத்துவம் தெரியாது, பிள்ளை பாத்துப் பயந்த அந்தக் கிராஃப் என்ட ஏரியா எண்டதால வாறன்.

அது கெப்லான் மேயர் கோடு, 1958ல வந்த முறை. ஒவ்வொரு ஆள் இறக்கும்போதும் கோடு ஒரு படி இறங்கும். பார்த்தீங்க எண்டா கோட்டில சின்னச் சின்னக் குத்துக் கோடு இருக்கும், அது செத்த ஆக்கள் இல்ல, ஆய்வு முடியும்போது உயிரோட இருந்த ஆக்கள், இல்லாட்டி தொடர்பு விட்டுப்போன ஆக்கள். கன பேர் அதையும் சாவா எண்ணுவாங்க. வலப்பக்கக் கடைசியில நாலஞ்சு பேர்தான் மிஞ்சியிருப்பாங்க, ஒருத்தர் போனாலே கோடு தடால் எண்டு விழும், அந்த இடத்தைப் பாத்து ஒண்டும் தீர்மானிக்கேலாது. நடு ஆயுசு 20 மாசம் எண்டா பாதிப் பேர் அதைத் தாண்டினவங்க எண்டும் அர்த்தம், அவங்க எவ்வளவு தாண்டினவங்க எண்டு அந்த எண் சொல்லாது. அதோட அந்தக் கட்டுரையில உள்ள ஆக்களுக்கு எந்த வருசம் வைத்தியம் நடந்தது எண்டு தேடிப் பாருங்க. 1998க்கு முந்தின ஹெர்2 கோட்டை இப்ப காட்டி ரீச்சருக்குப் பயம் காட்டினா அது மோசடி.

இனி பெரிய விசயம். "இந்தப் புரதம் கூடினா ஆயுசு குறைவு" எண்டு ஆயிரக்கணக்கில கட்டுரை வருது. அதில ஆஸ்பத்திரிக்குள்ள வந்து சேர்ந்தது விரல்விட்டு எண்ணலாம். ஏன் எண்டா, எங்க வெட்டுறது எண்டது ஆராய்ச்சியாளர்ட கையில. 10ல வெட்டிப் பாத்து வித்தியாசம் வரேல்லையெண்டா 14ல வெட்டுறது, பிறகு 17ல, எங்க ரெண்டு கோடும் நல்லாப் பிரியுதோ அந்த இடத்தைத் தெரிவு செஞ்சு "கூட, குறைய" எண்டு பேர் வைக்கிறது. இந்தக் கூத்தைக் குறைக்கத்தான் 2005ல ரிமார்க் எண்டு விதிமுறை கொண்டுவந்தாங்க, என்னெல்லாம் செஞ்சம் எண்டு முழுக்கச் சொல்லிப்போட்டுத்தான் எழுதோணும் எண்டு. எல்லாரும் கேக்கிறாங்களா எண்டு கேளாதீங்க.

2011ல பிரசல்ஸ்காரர் மூண்டு பேர் ஒரு வேலை செஞ்சாங்க, எனக்கு அதை நினைச்சா இப்பவும் சந்தோசம். மார்புப் புற்றுநோயில ஆயுசைச் சொல்லும் எண்டு பிரசுரமான ஜீன் தொகுப்பு 47ஐ எடுத்து, சும்மா கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கின ஜீன் தொகுப்புகளோட போட்டிக்கு விட்டாங்க. 28 தொகுப்பு, பொறுக்கினதை விடத் திறம் எண்டு காட்டேல்ல. நூறு ஜீனுக்கு மேல கண்ணை மூடிப் பொறுக்கினா, 90 வீதத்துக்கு மேல "ஆயுசோட தொடர்பு" எண்டு காட்டுது. அதுக்கு மேல, சாப்பிட்டுப்போட்டுச் சிரிச்ச ஆக்கள்ட இரத்தத்தில மாறின ஜீன்கள் எண்டு ஒரு பட்டியல், புற்றுநோய்க்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, அதுவும் மார்புப் புற்றுநோயில ஆயுசைச் சொல்லுதாம்!

காரணம் என்னெண்டா, கட்டியில பாதி ஜீன் செல் பெருக்கத்தோட ஏதோ ஒரு விதத்தில கட்டுப்பட்டிருக்கு. எதைத் தொட்டாலும் வேகத்தைத்தான் தொடுறீங்க. அதால "புது மார்க்கர்" எண்டு வாற கன சாமான், கேஐ-67 ஏற்கனவே சொன்னதைத்தான் வேற வேசத்தில திருப்பிச் சொல்லுது. புதுசா ஒரு புரதம் எண்டு செய்தி வந்தா நான் முதல்ல பாக்கிறது, ஸ்டேஜையும் கிரேடையும் கேஐ-67ஐயும் கணக்கில எடுத்த பிறகும் அது நிக்குதா எண்டுதான். பெரும்பாலும் நிக்காது.

லேப்காரன்:
கணக்கன் சேர், அந்தச் சிரிப்புக் கதை எனக்குத் தெரியாது, நாளைக்கு லேப்ல சொல்லி எல்லாரையும் கடுப்பேத்தப் போறன்.

பாலையூற்று_வசந்தி:
இதில வேற ஒண்டு கேக்கலாமா, தனி இழை போட அலுப்பு. எங்கட பெரியப்பாவுக்கு கன்னத்தில உள்பக்கம் புண், பயொப்சி புற்றுநோய் எண்டு வந்திருக்கு. காலத்துக்கும் வெத்திலை பாக்கு புகையிலை. வெளிநாட்டில இருக்கிற மகன் பி16 டெஸ்ட் செய்யச் சொல்லி ஒரே பிடி, அது பொசிட்டிவ் எண்டா நல்லாச் சுகமாகுமாம். இங்க டொக்டர் தேவையில்லை எண்டுறார். ஆர் சொல்றதைக் கேக்கிறது?

நிலாவெளி_டொக்டர்:
டொக்டர் சொன்னதைக் கேளுங்க வசந்தி. பி16 எண்டது ஒரு புரதம், அது நல்ல செய்தி சொல்றது தொண்டையில, டொன்சில், நாக்கின்ட அடிப்பக்கம், அந்த இடங்களில, அதுவும் எச்பிவி வைரஸால வந்ததுக்கு. 2010ல வந்த ஆய்வில அந்த இடத்துப் புற்றுநோயில வைரஸ் உள்ள ஆக்கள் மூண்டு வருசத்துக்குப் பிறகு 82 வீதம் உயிரோட, வைரஸ் இல்லாத ஆக்கள் 57 வீதம். வெளிநாட்டில இப்ப அந்த வகை கூட, அதுதான் மகன் வாசிச்சிருப்பார். கன்னம், முரசு, நாக்கு நுனிப் பக்கம் வாறது எங்கட ஊர் வெத்திலை பாக்கு வகை, அதில பி16 பாத்து வைத்தியம் மாத்துறதில்ல. இலங்கையில ஆம்பிளையளுக்குக் கூட வாற புற்றுநோயே வாய்ப் புற்றுநோய்தான், பாக்கைத் தனியா, புகையிலை இல்லாம சப்பினாலும் வரும். பெரியப்பா இன்னும் சப்புறாரா? அதை நிப்பாட்டுங்க முதல்ல.

பாலையூற்று_வசந்தி:
புகையிலையை விட்டுட்டாராம், பாக்கு மட்டும்தானாம். உங்கட பதிலை வாசிச்சுக் காட்டுறன்.

சாம்பல்தீவு_சுதன்:
அப்ப பிள்ளைட சின்னம்மாவுக்கு ஃபிஷ் நெகட்டிவ் எண்டு வந்தா ட்ரிபிள் நெகட்டிவ்தானே, அதுக்கு மருந்தே இல்லை எண்டுதானே சொல்றாங்க? சண்டைக்குக் கேக்கேல்ல, எனக்கும் தெரியோணும்.

நிலாவெளி_டொக்டர்:
நல்ல கேள்வி. ஹோமோன் குளிசையும் ஹெர்2 ஊசியும் வேலை செய்யாது, அதுதான் அப்படிச் சொல்றது. கீமோ இருக்கு, இந்த வகைக்கு மத்த வகையை விட நல்லாவே கேக்கும். இப்ப ஒப்பரேசனுக்கு முந்தியே கீமோ குடுக்கிறாங்க, பிறகு வெட்டி எடுத்துப் பாத்தா புற்றுச் செல் ஒண்டும் மிஞ்சேல்லையெண்டா அந்த ஆக்கள்ட எதிர்காலம் நல்லாத்தான் போகுது. என்னைக் கேட்டா பயொப்சி அண்டு எழுதின எந்தப் புரதத்தை விடவும், கீமோவுக்குப் பிறகு என்ன மிஞ்சிச்சு எண்டதுதான் கூட உண்மை சொல்லும். இந்த வகை திரும்புறதெண்டா முதல் மூண்டு வருசத்துக்குள்ள கூட, அஞ்சு வருசம் தாண்டினா ஆபத்து நல்லாக் குறையும், ஹோமோன் வகை அப்படியில்ல, பதினஞ்சு இருபது வருசம் கழிச்சும் எட்டிப் பாக்கும்.

பிடி-எல்1 எண்டு ஒரு புரதத்தையும் பாக்கச் சொல்லுவாங்க, பெம்புரோலிசுமாப் எண்ட மருந்துக்கு. அதில ஒரு விசித்திரம். வியாதி பரவின ஆக்களுக்கு அந்தப் புரதம் கூட இருந்தாத்தான் (பத்துப் புள்ளி, அதுக்கு மேல) மருந்தால ஆயுசு கூடிச்சு. பரவாத ஆக்களுக்கு, புரதம் இருந்தாலும் இல்லாட்டியும் நன்மை ஒரே மாதிரி. ஒரே புரதம், ஒரே மருந்து, ஸ்டேஜ் மாறினா டெஸ்டே தேவையில்லாமப் போகுது. விலை வேற கதை, அதைப் பத்திப் பேசினா இரவைக்கு நித்திரை வராது.

லேப்காரன்:
ஃபிஷ் நெகட்டிவ் எண்டு வந்தாலும் அந்த 2 பிளஸ் எண்டதை அழிக்க வேணாம், கொப்பியில எழுதி வைங்க. ஹெர்2 கொஞ்சமா இருக்கிற ஆக்கள் எண்டு இப்ப தனியா ஒரு பிரிவு வச்சிருக்காங்க. 2022ல வந்த ட்ரையல்ல, வியாதி பரவின அந்தப் பிரிவு ஆக்களுக்கு அதே டிராஸ்டுசுமாப்பில கீமோவைக் கட்டி அனுப்புற ஒரு புது ஊசியால நடு ஆயுசு 16.8 மாசத்தில இருந்து 23.4 ஆச்சு. சின்னம்மாவுக்கு அது தேவைப்படாமலே போகோணும், ஆனா முந்தி நாங்க "நெகட்டிவ்" எண்டு எறிஞ்ச 1 பிளஸ், 2 பிளஸ் எல்லாம் இப்ப மருந்தைத் தீர்மானிக்குது எண்டதுக்குச் சொல்றன்.

இன்னொண்டு. எங்கட லேப்புக்கு தூர இடங்கள்ல இருந்து பயொப்சி போத்தல் வரும். சில போத்தலைத் திறந்தா துண்டு போத்தல் முட்டக் கிடக்கும், போர்மலின் ரெண்டு கரண்டிதான். துண்டைப் போலப் பத்து மடங்கு போர்மலின் இருக்கோணும், வெட்டி ஒரு மணித்தியாலத்துக்குள்ள போடோணும், ஆறு மணித்தியாலத்துக்குக் குறையாம, 72 மணித்தியாலத்துக்கு மேல போகாம ஊற வைக்கோணும். லோங் வீக்கெண்ட், போயா, ட்ரெயின் பிந்துறது எண்டு துண்டு நாள்கணக்கில கிடந்தா புரதம் சாயம் பிடிக்காது, உண்மையில பொசிட்டிவ் ஆனது நெகட்டிவ் எண்டு வரலாம். ஈஆர், பிஆர், ஹெர்2 எல்லாத்துக்கும் இது பொருந்தும். ஆயுசு கிராஃப் எல்லாம் பேசுறம், போத்தலுக்குள்ள போர்மலின் காணுமா எண்டு பாக்க ஆள் இல்ல.

அதால ஒப்பரேசன்ல கட்டி முழுசா எடுத்த பிறகு, முதல் ரிப்போட்ல சந்தேகம் இருந்தா திருப்பிச் செய்யக் கேக்கலாம், அது நோயாளிட உரிமை.

உவர்மலை_பிள்ளை:
எல்லாருக்கும் நன்றி சொல்லிக் காணாது. நான் கேள்விகளை எழுதி வச்சிருக்கன்: ஃபிஷ் அனுப்பியாச்சா, கட்டி எத்தனை சென்டிமீட்டர், நெறி இருக்கா, கீமோ முந்தியா ஒப்பரேசன் முந்தியா, ஒவ்வொரு டெஸ்டுக்கும் "மருந்து மாறுமா". சின்னம்மாவே இண்டைக்குக் காலமை "என்னடி ரிப்போட்டை ஒளிக்கிறாய்" எண்டு கேட்டுட்டா, சொல்லிட்டன், அவ என்னை விடத் தைரியமாத்தான் இருக்கா. ஒரு விசயம், ஃபிஷ்ஷுக்கு ப்ளொக்கை நாங்களே கொண்டுபோய்க் குடுக்க வேண்டி வரலாம் எண்டு மிஸ் ஒருத்தர் சொன்னவ. ப்ளொக் எண்டா என்ன, எப்படிக் கொண்டுபோறது?

லேப்காரன்:
உங்கட சின்னம்மாட துண்டை மெழுகுக்குள்ள பதிச்ச சின்னக் கட்டி, பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள இருக்கும், கரையில நம்பர் எழுதியிருக்கும். டொக்டரிட்ட கடிதம் எழுதி வாங்கி, பயொப்சி செஞ்ச லேப்ல கேட்டா கையெழுத்து வச்சுத் தருவாங்க. நம்பரும் ரிப்போட் நம்பரும் ஒண்டா எண்டு அங்கயே நிண்டு பாருங்க. ரிப்போட் போட்டோக் கொப்பியும் கூட வைங்க. ஸ்லைடு தந்தா அது கண்ணாடி, பெட்டியோட வாங்குங்க. ஃபிஷ் முடிஞ்ச பிறகு ப்ளொக்கைத் திருப்பி வாங்கிப் பழைய லேப்புக்கே குடுங்க, பிறகும் தேவைப்படும்.

திருகோணமலை வெயில்ல மோட்டார்சைக்கிள் சீட்டுக்கு அடியில, கார் டாஷ்போர்ட்ல எல்லாம் வச்சிடாதீங்க, மெழுகு இளகும். இரவு ட்ரெயின்ல போறதெண்டா மடியில வச்சிருக்கிற ஹேண்ட்பேக்குக்குள்ள வைங்க, மேல் ராக்கில போட்டுட்டு நித்திரை கொள்ளாதீங்க. ஃப்ரிட்ஜ், ஐஸ் ஒண்டும் தேவையில்ல.